மண்ணும் எஃகும் உரசும் இடம்: ‘மூன்றில் இரண்டு பங்கு’ விதியை எதுவரை நம்பலாம்?

#1 அடித்தள மாணவி

வணக்கம். ஒரே மணலை, ஒரே செறிவில், மூன்று தகடுகள்மீது சோதித்தேன். ஷியர் பாக்ஸின் (இரு பாதிகளாகப் பிரிந்து நகர்ந்து மண்ணின் வெட்டு வலிமையை அளக்கும் பெட்டி) கீழ்ப் பாதியில் மண்ணுக்குப் பதிலாகத் தகட்டை வைத்து, மேல் பாதியில் உலர்ந்த மணலை நிரப்பி நகர்த்தினேன். மணலுக்குள் மட்டும் வெட்டுத்தளம் ஓடியபோது உச்ச உராய்வுக் கோணம் 38 பாகை. மெருகேற்றிய எஃகின்மீது 20 பாகை. திறந்தவெளியில் கிடந்து துருப்பிடித்த எஃகின்மீது 29. மர அச்சில் வார்த்த கான்கிரீட்டின்மீது 34.

நான் பயிற்சி பெறும் அலுவலகத்தின் வடிவமைப்புக் குறிப்பிலோ எல்லாப் பரப்புகளுக்கும் ஒரே விதிதான்: மண்ணின் கோணத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய 25 பாகை. கேட்டால், “எப்போதும் அப்படித்தான் எடுக்கிறோம்” என்கிறார்கள்.

இந்த விதி எங்கிருந்து வந்தது? என் எண்கள் சரி என்றால், மெருகேற்றிய எஃகுக்கு நாங்கள் எதிர்ப்பைக் கூடுதலாகக் கணக்கிடுகிறோம் அல்லவா? இன்னொன்றும் புரியவில்லை. கான்கிரீட்டில் வரைகோடு ஏறி, உச்சம் தொட்டு, பிறகு இறங்கியது. மெருகேற்றிய எஃகில் உச்சமே இல்லை. மிகச் சிறிய நகர்விலேயே ஏறிச் சமமாகிவிட்டது.

#2 மண்பரிசோதகர்

உங்கள் கருவியிலும் பிழையில்லை, கையிலும் பிழையில்லை. பொட்யாண்டி 1961-இல் வெளியிட்ட சோதனைகளில், அடர்ந்த உலர்மணலுக்கு, இடைமுகக் கோணத்துக்கும் (மண்ணும் தகடும் தொடும் பரப்பின் உராய்வுக் கோணம்) மணலின் கோணத்துக்கும் இடையிலான விகிதம் வழவழப்பான எஃகில் 0.54, துருப்பிடித்த எஃகில் 0.76, இரும்பு அச்சில் வார்த்த கான்கிரீட்டிலும் அதே 0.76, மர அச்சில் வார்த்ததில் 0.88, நேராக மண்மேல் வார்த்ததில் 0.98. உங்கள் 20, 29, 34 ஆகியவற்றை 38-ஆல் வகுத்துப் பாருங்கள். அறுபது ஆண்டு இடைவெளியில் இருவர் தனித்தனியாக அளந்து ஒரே இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். எனக்கு இதைப் படிக்கவே மகிழ்ச்சியாக இருந்தது.

மூன்றில் இரண்டு என்பது இந்த 0.54-க்கும் 0.98-க்கும் இடையில் விழும் ஒரு வசதியான எண், அவ்வளவே. மெருகேற்றிய எஃகுக்கு நீங்கள் சொல்வது சரி. எதிர்ப்பு கோணத்தின் டேன் (tan) மதிப்பைப் பொறுத்தது; டேன் 25.3-ஐ டேன் 20-உடன் ஒப்பிட்டால் எதிர்ப்பை 30 விழுக்காடு கூட்டிக் காட்டுகிறது. துருப்பிடித்த எஃகிலோ ஏறத்தாழ 15 விழுக்காடு குறைத்துக் காட்டுகிறது.

இதற்குக் காரணம் சொரசொரப்பு. ஆனால் தகட்டின் சொரசொரப்பைத் தனியாக அளந்தால் போதாது. மணல்மணியின் அளவோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும். உவேசுகியும் கிஷிதாவும் 1986-இல் செய்தது இதைத்தான். தகட்டின்மீது சராசரி மணல்மணியின் விட்டத்துக்குச் சமமான நீளத்தை எடுத்துக்கொண்டு, அந்த நீளத்துக்குள் மிக உயர்ந்த மேட்டுக்கும் மிகத் தாழ்ந்த பள்ளத்துக்கும் உள்ள வேறுபாட்டை அதே விட்டத்தால் வகுத்தார்கள். இப்போது 10 மைக்ரான் மேடுபள்ளம் உள்ள ஒரு தகட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அரை மில்லிமீட்டர் மணலுக்கு விகிதம் 0.02, மணல்மணி அந்தப் பள்ளத்தை உணராமலே சறுக்கிப் போகும். 0.05 மில்லிமீட்டர் வண்டலுக்கு அதே தகட்டில் விகிதம் 0.2, அந்தத் துகள் பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். தகடு ஒன்றுதான். ஒரு மண்ணுக்கு அது கண்ணாடி, இன்னொரு மண்ணுக்கு அரம்.

உச்சம் பற்றிய கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. மணி பள்ளத்தில் சிக்கிக்கொண்டால் தகட்டின்மேல் சறுக்க முடியாது. வெட்டு மண்ணுக்குள்ளேயே, தகட்டை ஒட்டிய சில மணிகள் தடிமனுள்ள பட்டையில் நடக்கும். அந்தப் பட்டையில் அடர்ந்த மணல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் புரள்வதால் விரிகிறது. விரியும்வரை உச்சம், விரிவு தீர்ந்ததும் இறக்கம். மெருகேற்றிய எஃகில் மணிகள் வரிசை கலையாமல் சறுக்குகின்றன. விரிவும் இல்லை, உச்சமும் இல்லை. உங்கள் சோதனையில் மேல்மூடியின் செங்குத்து நகர்வைப் பதிவு செய்திருந்தால் பாருங்கள்: கான்கிரீட்டில் மூடி எழும்பியிருக்கும், எஃகில் அசைந்தே இருக்காது.

சொரசொரப்பு ஓர் எல்லையைத் தாண்டிய பிறகு கோணம் மேலும் ஏறாது என்பதையும் மறக்க வேண்டாம். மண்ணின் சொந்தக் கோணமே கூரை. அதற்குமேல் பரப்பைக் கொத்தினாலும் மண்தான் முதலில் தோற்கும்.

#3 பைல் மேற்பார்வையாளர்

மேலே சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக பைல் (நிலத்துக்குள் ஆழமாக இறங்கும் அடித்தளத் தூண்) இறக்கியும் இழுத்தும் சோதித்தும் வந்தவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் இருவரும் கோணத்தையே பார்க்கிறீர்கள். பைலின் பக்க உராய்வு என்பது கோணத்தின் டேன் மதிப்பை, பைல் சுவரை மண் அழுத்தும் அழுத்தத்தால் பெருக்கினால் வருவது. கோணத்தில் இரண்டு பாகை தவறினால் பத்து விழுக்காடு அளவில் போகும். அந்தக் கிடை அழுத்தத்தைத் தவறாக எடுத்தால் பாதிக்குப் பாதி போய்விடும்.

அந்த அழுத்தம் நிலையாக நிற்பதும் இல்லை. பைலை அடித்து இறக்கும்போது ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் இருக்கும் மணலைக் கவனியுங்கள். பைல் முனை அதைக் கடக்கும் நொடியில் அழுத்தம் உச்சத்தில் இருக்கிறது. முனை கீழே போகப்போக, ஒவ்வொரு அடியிலும் பைல் உடல் அந்த மணலை மேலும் கீழும் தேய்க்கிறது; மணல் சிறிது சிறிதாகச் சுருங்கி, சுவரை விட்டுத் தளர்கிறது. அதே ஆழத்தில், அதே மணலில், உராய்வு விழுந்துகொண்டே வரும். இதற்கு ‘உராய்வுச் சோர்வு’ என்ற பெயரை ஹீரமா 1980-இல் கடலடிப் பைல்களை வைத்து எழுதிய கட்டுரையில் காணலாம். 2004-இல் வைட், லெஹேன் இருவரும் இதில் தேய்ப்புச் சுற்றுகளின் எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்று காட்டினார்கள். இத்தனை தேய்ப்பிலும் கோணம் பெரிதாக மாறுவதில்லை. விழுவது அழுத்தம்.

எனவே அலுவலகக் குறிப்பில் மூன்றில் இரண்டு பங்கைத் திருத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு நின்றுவிட்டால் திருத்தியது சிறிய பிழையைத்தான்.

#4 அடித்தள மாணவி

இருவருக்கும் நன்றி. மூடியின் நகர்வைப் பார்த்தேன். கான்கிரீட்டில் எழும்பியிருக்கிறது, மெருகேற்றிய எஃகில் ஏறத்தாழ அசைவே இல்லை.

ஆனால் இப்போது புதிய குழப்பம். என் சோதனையில் மேலிருக்கும் எடை மாறவே இல்லை. மணல் விரிந்தால் மூடி தாராளமாக எழும்பிக்கொள்கிறது. பைல் ஐயா சொல்வதுபோல் நிலத்துக்குள் மணல் விரிய முயன்றால் அது எங்கே போகும்? சுற்றிலும் மண்தானே?

#5 மண்பரிசோதகர்

இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

போக இடமில்லை என்பதுதான் விடை. பைலைச் சுற்றிய மண் ஒரு வில்சுருள் போல நிற்கிறது. வெட்டுப்பட்டை விரிய முயன்றால் சுற்றுமண் எதிர்த்து நெருக்கும். சுவர்மீது அழுத்தம் ஏறும். பட்டை சுருங்கினால் சுற்றுமண் முழுவதும் பின்தொடர்ந்து வராது, அழுத்தம் இறங்கும். பைல் மேற்பார்வையாளர் சொன்ன சோர்வும் இந்த விரிவும் ஒரே பொறிமுறையின் இரு முகங்கள். ஆய்வகத்தில் இதைப் பின்பற்ற, மாறா எடைக்குப் பதிலாக மேலே வில்சுருளையோ கட்டுப்பாட்டுக் கருவியையோ வைத்து ‘மாறா விறைப்பு’ச் சோதனை செய்கிறார்கள். பூலோனும் ஃபொரேயும் 1986-இல் பைல் உராய்வை இப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகு பல புதிர்கள் அவிழ்ந்தன.

கணக்கு எளிது. உருளையான பைலுக்கு, அழுத்த உயர்வு = 4 × மண்ணின் வெட்டு விறைப்பு × ஆர விரிவு ÷ விட்டம். விறைப்பு 40 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலையிலிருந்து வரும் எஃகுப் பைலின் சொரசொரப்புக்கு ஆர விரிவு 0.02 மில்லிமீட்டர் அளவில் எடுப்பது வழக்கம். பைல் விட்டம் 300 மில்லிமீட்டர் என்றால் உயர்வு 11 கிலோபாஸ்கல்கூட இல்லை. அதே மணலில், அதே எஃகில், 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள மாதிரிப் பைலை இழுத்தால் உயர்வு 107 கிலோபாஸ்கல்!

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தொட்டியில் மணலை நிரப்பி விரல் தடிமனில் கம்பியை இழுத்து, வந்த உராய்வை அப்படியே பெரிய பைலுக்கு எடுத்துச் செல்லும் ஆய்வேடுகளை இன்றும் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது. அந்த மாணவர்கள் அளந்ததில் பெரும்பகுதி கம்பியின் மெலிவால் வந்தது. நிலத்தில் அது கிடைக்காது. சொரசொரப்பான சிமெண்ட் கூழ் உறையுள்ள மெல்லிய மண் ஆணிகள் (சரிவைப் பிடித்து நிறுத்த மண்ணுக்குள் செலுத்தும் கம்பிகள்) இழுவையில் எதிர்பாராத வலிமை காட்டுவதற்கும் இதே விரிவு முக்கியக் காரணம். அங்கே அந்த வலிமை உண்மையானது, ஏனென்றால் ஆணி உண்மையிலேயே மெலிந்தது.

#6 வலைக்கணக்கர்

கணினி மாதிரியில் இடைமுகத்தைச் சேர்ப்பவர்களுக்காக ஒரு சிறு எச்சரிக்கை. பரவலாகப் பயன்படும் ஃபைனைட் எலிமென்ட் (மண்ணைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும்) மென்பொருளில் இடைமுகக் குறைப்புக் காரணி 0.67 என்று உள்ளிட்டால், அது கோணத்தைக் குறைப்பதில்லை, கோணத்தின் டேன் மதிப்பைக் குறைக்கிறது. மாணவியின் 38 பாகைக்கு மூன்றில் இரண்டு பங்கு கோணம் 25.3. காரணி 0.67 தருவதோ 27.6 பாகை. எதிர்ப்பில் பத்து விழுக்காட்டுக்கும் மேல் வேறுபாடு. 25.3 வேண்டுமென்றால் காரணி 0.61 ஆக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றே என்று எண்ணிக்கொண்டு உள்ளிடுபவர்கள் ஏராளம்.

இன்னொன்று: காரணி ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் அந்த மென்பொருள் இடைமுகத்தின் விரிவுக் கோணத்தைச் சுழியமாக்கிவிடும். மேலே நீங்கள் பேசிய அழுத்த உயர்வு மாதிரிக்குள் வரவே வராது. வழவழப்பான எஃகுக்கு அது பொருத்தம்தான். சொரசொரப்பான கான்கிரீட்டுக்குப் பொருந்தாது.

#7 தாங்குசுவர் வடிவமைப்பாளர்

பைல்களைப் பற்றியே பேச்சு ஓடுகிறது. கேள்வியின் முதல் பகுதிக்கு, அதாவது விதி ஏன் இவ்வளவு காலம் நிலைத்தது என்பதற்கு, சுவர்ப் பக்கத்திலிருந்து ஒரு விளக்கம் தருகிறேன்.

சுவருக்கும் மண்ணுக்கும் இடையிலான உராய்வைக் கணக்கில் சேர்த்தவர் கூலோம், 1776-இல். அவர் படைப் பொறியாளர். மார்த்தினிக் தீவில் கோட்டை கட்டிய அனுபவம் உள்ளவர். அவருடைய சமன்பாட்டில் மண்ணின் கோணம் 30 பாகை, சுவர் நேர்செங்குத்து, பின்மண் சமதளம் என்று வைத்துப் பாருங்கள். சுவர் உராய்வு இல்லையென்றால் செயல்முனை அழுத்தக் கெழு (பின்மண் சுவரைத் தள்ளும் அழுத்தத்தின் விகிதம்) 0.333. உராய்வுக் கோணம் 20 பாகை என்றால் 0.297. பத்து விழுக்காடு மட்டுமே மாறுகிறது. எனவே தாங்குசுவரின் முதுகுப் பக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு போட்டாலும், பாதி போட்டாலும் பெரிய கேடு வராது. விதி பிழைத்துக் கிடந்தது இதனால்தான் என்பது என் கணிப்பு: கேள்வி எழும் அளவுக்கு அது யாரையும் காயப்படுத்தவில்லை.

சுவரின் முன்காலடியில் மண் எதிர்த்து நிற்கும் பக்கத்துக்கு வாருங்கள். உராய்வு இல்லாமல் கெழு 3.0. அதே 20 பாகை சேர்த்தால் கூலோம் சமன்பாடு 6.1 தருகிறது. இரு மடங்கு! அதில் ஒரு பகுதி பொய்யானது, ஏனென்றால் அங்கே உண்மையான முறிவுப் பரப்பு வளைந்தது. கூலோம் அதை நேர்க்கோடாக எடுத்தார். வளைபரப்பைக் கொண்டு கணக்கிட்டால் எண் இறங்கும், ஆனாலும் உராய்வின் பங்கு பெரிதாகவே இருக்கும். வழவழப்பான ஷீட் பைலுக்கு (வரிசையாக இறக்கும் எஃகுத் தகட்டுச் சுவர்) யோசிக்காமல் மூன்றில் இரண்டு பங்கு போடுகிறவர்கள் ஆபத்தான பக்கத்தில் நிற்கிறார்கள்.

#8 அடித்தள மாணவி

களிமண்ணுக்கும் இதே பேச்சு பொருந்துமா? அடுத்த மாதம் களிமண் மாதிரிகள் வருகின்றன.

#9 மண்பரிசோதகர்

பொருந்தும், ஆனால் பாத்திரங்கள் மாறும். களிமண்ணில் துகள்கள் தட்டையானவை. வழவழப்பான பரப்பின்மீது போதிய தூரம் நகர்ந்தால் அவை எல்லாம் சறுக்கும் திசையில் படுத்துக்கொள்ளும். எதிர்ப்பு உச்சத்திலிருந்து எச்ச நிலைக்கு (இறுதியில் நிலைத்து நிற்கும் குறைந்த மதிப்பு) விழும். சில மில்லிமீட்டர் நகர்த்திவிட்டுச் சோதனையை நிறுத்தினால் அந்த வீழ்ச்சியைப் பார்க்கவே மாட்டீர்கள். வளையக் கருவி (மண்ணை ஒரே திசையில் தொடர்ந்து சுழற்றி வெட்டுவது) கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் பெட்டியை முன்னும் பின்னும் பலமுறை நகர்த்துங்கள். துளைநீர் வடிய நேரம் கொடுங்கள். அவசரப்பட்டு நகர்த்தினால் நீரழுத்தத்தையும் சேர்த்துத்தான் அளப்பீர்கள்.

பழைய நூல்களில் களிமண்ணின் வடிநீரற்ற வலிமையை (துளைநீர் வடிய நேரமில்லாதபோது உள்ள வலிமை) ஒரு ஒட்டுக் கெழுவால் பெருக்கும் முறையைக் காண்பீர்கள். லண்டன் களிமண்ணில் துளையிட்டு வார்த்த பைல்களுக்கு ஸ்கெம்டன் 1959-இல் 0.45 என்றார். நல்ல எண், நல்ல அளவீடுகளிலிருந்து வந்தது. ஆனால் அது அந்த மண்ணின், அந்தக் கட்டுமுறையின் எண். துளையிட்டதும் சுவர்க் களிமண் தளர்ந்து நீர் உறிஞ்சி மென்மையாவதும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. பர்லாண்ட் 1973-இல் பயனுறு அழுத்தத்தின் (துளைநீரழுத்தம் போக மண்துகள்கள் தாங்கும் அழுத்தம்) வழியே இதைப் பார்க்கச் சொன்னதும், களிமண் இடைமுகத்தையும் உராய்வாகவே புரிந்துகொள்ள வழி பிறந்தது.

இடைமுகத்தை அலட்சியமாக எண்ணக்கூடாது என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 1988 மார்ச் 19 அன்று கலிஃபோர்னியாவின் கெட்டில்மன் ஹில்ஸில் அபாயகரமான கழிவுகளைக் கொட்டும் குழி ஒன்றில் கழிவுமேடு சரிந்தது. கிடையாக ஏறத்தாழ 11 மீட்டர் வரை, கீழ்நோக்கி 4 மீட்டருக்கு மேல். கழிவும் வலுவாகத்தான் இருந்தது, அடியிலிருந்த நிலமும் வலுவாகத்தான் இருந்தது. வழுக்கியது இடையிலிருந்த அடுக்குகள்: வழவழப்பான பிளாஸ்டிக் விரிப்பு, துணிவிரிப்பு, ஈரமான, இறுக்கிப் பதித்த களிமண். பின்னர் சோதித்தபோது சில இணைகளின் எச்சக் கோணம் 8 பாகை அளவுக்கே இருந்தது. எட்டு பாகை! மண் இயந்திரவியல் வகுப்பில் ஒரு மாணவர் விடைத்தாளில் எழுதினால் தவறு என்று அடிக்கத் தோன்றும் எண். சொரசொரப்பூட்டிய விரிப்புகளுக்கும், 300 மில்லிமீட்டர் பெட்டியில் ஒவ்வொரு இணையையும் தனியே சோதிக்கும் வழக்கத்துக்கும் பின்னால் இத்தகைய பாடங்கள் இருக்கின்றன.

#10 பைல் மேற்பார்வையாளர்

களத்திலிருந்து இன்னும் இரண்டு.

துளையிட்டு வார்க்கும் பைலில் கான்கிரீட் துளைச்சுவரின் மேடுபள்ளத்தை நிரப்பிக்கொள்ளும்; அங்கே சொரசொரப்புக்குக் குறைவில்லை. ஆனால் துளை இடியாமல் தாங்கும் பென்டோனைட் களிக்குழம்பை நிரப்பிவிட்டு, கான்கிரீட் வண்டி தாமதமானதால் துளையை மணிக்கணக்கில் விட்டுவைத்தால் சுவரில் குழம்புப்படலம் தடித்துவிடும். பிறகு உங்கள் இடைமுகம் மணலுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையிலானது அல்ல. மணலுக்கும் களிப்படலத்துக்கும் இடையிலானது. ஆய்வகத்தில் அளந்த 34 பாகை அங்கே யாருக்கும் பயன்படாது. துளை திறந்த நேரம், கான்கிரீட் தொடங்கிய நேரம் இரண்டையும் பதிவேட்டில் எழுத வைப்பதற்காக நான் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன்.

இரண்டாவது, உராய்வு எப்போதும் நண்பன் அல்ல. பைலைச் சுற்றிய மென்மண் அமிழ்ந்துகொண்டிருந்தால் அது பைலையும் கீழே இழுக்கும். அந்த இடத்தில் உராய்வைக் குறைக்க வேண்டும். பைல் உடலில் தார் போன்ற பிட்டுமென் பூசி இழுவையைப் பெருமளவு குறைக்கலாம் என்பதை நார்வேயில் பியெர்ரும் குழுவினர் 1960-களிலேயே அளந்து காட்டினார்கள். சரியான பூச்சு மெதுவான அமிழ்வுக்கு எளிதாக வழிந்து கொடுக்கும், அடித்து இறக்கும் வேகத்தில் உரியாமல் நிற்கும்.

#11 வலைக்கணக்கர்

பெட்டிச் சோதனை பற்றி ஒரு சந்தேகம். தகடு பெட்டியின் அளவுக்கே இருந்ததா, அல்லது நீளமாக இருந்ததா? அதே அளவென்றால் நகர நகரத் தொடுபரப்பு குறையும். மேலும், பெட்டி காட்டும் நகர்வில் தகட்டின்மேல் சறுக்கியதும் மணல் உருமாறியதும் சேர்ந்தே இருக்கும். இடைமுக விறைப்பை அந்த வரைகோட்டின் சாய்விலிருந்து நேராக எடுத்து மாதிரியில் போட வேண்டாம். உவேசுகி, கிஷிதா இருவரும் ‘எளிய வெட்டு’ (simple shear) கருவியைத் தேர்ந்ததே சறுக்கலையும் மணலின் உருமாற்றத்தையும் பிரித்துப் பார்க்கத்தான்.

#12 அடித்தள மாணவி

தகடு நீளமானதுதான், இருபுறமும் 20 மில்லிமீட்டர் வெளியே நீட்டியிருந்தது. மேல்பெட்டிக்கும் தகட்டுக்கும் இடையே மெல்லிய இடைவெளி விட்டிருந்தேன். ஆனால் சொரசொரப்பை அளக்கவே இல்லை. இயந்திரப் பட்டறையில் கேட்டபோது சராசரி சொரசொரப்பு மதிப்பை மட்டும்தான் தருவோம் என்றார்கள்.

#13 மண்பரிசோதகர்

சராசரி மதிப்பை அப்படியே விகிதத்தில் போடாதீர்கள். உச்சிக்கும் பள்ளத்துக்கும் உள்ள வேறுபாடு சராசரியைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். சொரசொரப்பு அளக்கும் ஊசி வரைந்த முழுக் கோட்டையும் எண்களாகக் கேட்டு வாங்குங்கள்; உங்கள் மணல்மணி விட்டத்துக்குச் சமமான துண்டுகளாக நீங்களே வெட்டிக் கணக்கிடலாம். சோதனைக்கு முன்பும் பின்பும் அளக்க வேண்டும். குவார்ட்ஸ் மணல் எஃகைத் தேய்க்கும், எஃகு மணலை நொறுக்கும். அடித்து இறக்கும் பைல்போல மீட்டர் கணக்கில் நகர்ந்தால், பெருமணலுக்கும் சிறுமணலுக்கும் தொடக்கத்தில் இருந்த கோண வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்று ஹோ, ஜார்டின் குழுவினர் 2011-இல் காட்டினார்கள். பத்து மில்லிமீட்டர் நகரும் உங்கள் பெட்டிக்குள் அது தெரியாது.

#14 அடித்தள மாணவி

இன்று காலை துருப்பிடித்த தகட்டை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். நான் சோதனை நடத்திய தடத்தில் துரு தேய்ந்து எஃகு பளிச்சென்று தெரிகிறது. ஓரங்களில் துரு அப்படியே இருக்கிறது. அப்படியானால் அந்த 29 பாகை என் முதல் சோதனைக்கு மட்டுமே உரியது. மூன்று செங்குத்து அழுத்தங்களுக்கும் அதே தகட்டை, சிறிய எடையில் தொடங்கிப் பெரிய எடைவரை, வரிசையாகப் பயன்படுத்தியிருக்கிறேன். பெரிய எடையில் கிடைத்த புள்ளிகள் கோட்டுக்குச் சற்றுக் கீழே விழுந்ததைச் சோதனைப் பிழை என்று ஒதுக்கியிருந்தேன்.

அதே இரும்புக் குவியலிலிருந்து மூன்று புதிய துண்டுகளை வெட்டித் தரச் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு எடைக்கும் ஒன்று. முன்னும் பின்னும் ஊசிக்கோடு எடுத்துவிட்டு, எண்களோடு வருகிறேன்.